மீனவர் சொல்வதைச் சுறாப் பாதுகாப்புக்குத் தரவாக எடுப்பது எப்படி? (உழுவை, கொம்பன், வேளா)

கேள்வி | 2025 ஜூலை 6

நாகப்பட்டினத்திலிருந்து ராமேஸ்வரம் வரை உழுவை (திருக்கை இனத்தில் சுறா மாதிரி உடலுள்ள மீன்), கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) பற்றி மீனவர்களிடம் கேட்டுத் தொகுக்க வேண்டும். நாற்பது பேருக்குக் கேள்வித்தாள் தயார். சோதனைக்குச் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன், எல்லோரும் ஒரே பதில்: "முன்ன நிறைய வரும், இப்ப இல்ல." ஆய்வு வழிகாட்டி சொல்கிறார், ஞாபகம் தரவாகாது, ஏலக்கூடத்தில் எடை போட்ட கணக்குதான் தரவு என்று. கேள்வித்தாளை மாற்றுவதா, திட்டத்தையே மாற்றுவதா?

பதில் | ஜூலை 6, இரவு

கேள்வித்தாளை மாற்றுங்கள். "உழுவை குறைஞ்சிருச்சா?" என்று கேட்டால் "குறைஞ்சிருச்சு" என்றுதான் வரும். அது பொய் இல்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வலை, எத்தனை பாகம் (விரித்த கை அளவு) ஆழம், எந்த மாதம், மாதத்துக்கு எத்தனை தரம் கடலுக்குப் போனார் என்று தெரியாத வரை மீன் எண்ணிக்கைக்குப் பொருள் கிடையாது.

ஒருவர் 1990-களில் திருக்கை வலை போட்டார், பிறகு நண்டு வலைக்கு மாறிவிட்டார் என்று வையுங்கள். திருக்கை வலை பெரிய கண்ணி, தரையோடு கிடப்பது, பெரிய உழுவையும் அதில் சிக்கும். நண்டு வலை சின்னக் கண்ணி, கரைக்கு அருகில் விடுவது. அவர் உழுவையைப் பார்க்காமல் போனதற்குக் கடல் காரணமா, வலை காரணமா? தொழிலைப் பற்றி முதலில் கேட்டால் இது கேட்காமலேயே விளங்கிவிடும். மீனைப் பற்றி முதலில் கேட்டால் கடைசி வரை விளங்காது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். எந்த வயதில் கடலுக்குப் போனார், முதலில் எந்தக் கட்டுமரம் அல்லது வள்ளம், எப்போது பைபர் படகு, எப்போது இஞ்சின், எந்தெந்த வலை எந்தெந்தக் காலம். ஆண்டை நேராகக் கேட்காதீர்கள். "1998-ல் எப்படி இருந்தது?" என்றால் யாராலும் சொல்ல முடியாது. ஊரே மறக்காத நிகழ்வுகளைக் கயிற்று முடிச்சு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: 2001-ல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது, 2004 சுனாமி, 2017-ல் தடை 45 நாளிலிருந்து 61 நாளானது, 2018 நவம்பரில் கஜா. கன்னியாகுமரிப் பக்கம் என்றால் 2017 ஒக்கி. "சுனாமிக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டால் பதில் உடனே வரும்.

அதன் பிறகு மூன்று கேள்விகள், ஒவ்வொரு வலைக்கும் தனித்தனியாக. வாழ்நாளில் ஒரே நாளில் வந்த அதிகபட்சம். கடைசியாக எப்போது வந்தது. சாதாரணமாக எவ்வளவு நாளுக்கு ஒன்று: வாரத்துக்கா, மாதத்துக்கா, வருடத்துக்கா? கிலோவை விட இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் ஞாபகம் சரியாக வேலை செய்யும்.

ஜூலை 7

ஏலக்கூடக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வழிகாட்டி சொல்வது பாதி சரி. எடைக் கணக்கு வேண்டும். ஆனால் பல இறங்குதளங்களில் ஏலம் "சுறா", "திருக்கை" என்று மொத்தமாகத்தான் போகும், அதில் இனம் தெரியாது. கடலிலேயே தூக்கிப்போட்டது அந்தக் கணக்கில் வராது. சங்காயத்தோடு (விலை போகாத கழிவு மீன்) கலந்து மீன்மாவு ஆலைக்குப் போகும் குட்டிகளும் வராது. எடைக் கணக்கு எதைக் காட்டவில்லையோ அதைத்தான் மீனவரிடம் கேட்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

ஜூலை 7, மாலை

நீளம் கேட்பதற்கு. "எவ்வளவு பெருசு?" என்றால் கையை விரிப்பார்கள், அல்லது "ரெண்டு பாகம்" என்பார்கள். அவர் பாகமும் உங்கள் பாகமும் ஒன்றல்ல. ஒரு கயிற்றைத் தரையில் போடுங்கள். ஒரு முனையில் மூக்கு என்று சொல்லி, வால் நுனி வரை அவரையே நடந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே கயிற்றில் துணி கட்டி, அவர் போன பிறகு டேப்பால் அளந்து எழுதுங்கள். அவர் முன்னால் அளந்தால் அடுத்த மீனுக்கு எண்ணாகச் சொல்லத் தொடங்கிவிடுவார், நடக்க மாட்டார்.

உழுவைக்கு வால் நுனியா, வால் துடுப்பு வரைக்குமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கொம்பனுக்கு வால் நீளம், அதைச் சேர்ப்பதும் விடுவதும் பெரிய வித்தியாசம். சிலர் தலை வெட்டிய உடம்பைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். "தலையோடயா?" என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

ஜூலை 9

இனம் பிரிப்பது. உழுவை என்ற பேரில் குறைந்தது இரண்டு வேறு குடும்பங்கள் வருகின்றன. பேரும் ஊருக்கு ஊர் மாறும். பேரை வைத்து இனம் எழுதினால் முழுத் தொகுப்பும் வீண். பேரை அவர் சொன்னபடியே எழுதுங்கள், இனத்தின் அறிவியல் பேரை அடையாளத்தை வைத்து நீங்கள் எழுதுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்.

கையில் மீன் இருந்தால் பார்க்க வேண்டியது முதல் முதுகுத் துடுப்பு. அது இடுப்புத் துடுப்புக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ தொடங்கி, வாலில் கீழ் மடலும் நன்றாகத் தெரிந்தால் ரிங்கோபேட்டஸ். முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்பைத் தாண்டி வெகு பின்னால் தொடங்கி, வாலில் கீழ் மடல் இல்லை என்றால் கிளாகோஸ்டெகஸ் அல்லது சின்ன உழுவை வகை. தலை வட்டமாக அகன்று, கண்ணுக்கு மேலும் முதுகிலும் முள் முகடுகள் இருந்தால் ரைனா. முதுகு வெள்ளைப்புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். வயதாக வயதாக மங்கும், ஐஸில் கிடந்தால் இன்னும் மங்கும்.

கொம்பனுக்குத் தலையின் முன்விளிம்பு. நடுவில் ஒரு பள்ளமும் விளிம்பு வளைவாகவும் இருந்தால் லெவினி. விளிம்பு கிட்டத்தட்ட நேராக, நடுவில் பள்ளத்தோடு, முதுகுத் துடுப்பு அரிவாள் மாதிரி உயரமாக இருந்தால் மொகாரன். நடுப்பள்ளமே இல்லை என்றால் சைகேனா. தலை சிறகு விரித்த மாதிரி, உடல் நீளத்தில் கிட்டத்தட்ட பாதி அகலம் இருந்தால் யூஸ்ஃபிரா. லெவினியும் மொகாரனும் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் மிக ஆபத்தான நிலை. "கொம்பன்" என்று ஒரே கட்டத்தில் போட்டால் அவசரம் எதற்கு என்பதே மறைந்துவிடும்.

வேறொரு வாசகர் | ஜூலை 9

படம் காட்டினால் எல்லாப் படத்துக்கும் "பாத்திருக்கேன்" என்கிறார்கள். என்ன செய்வது?

ஜூலை 10

படம் செய்த விதத்தில் கோளாறு இருக்கலாம். கடலுக்கடியில் நீந்தும் படம் காட்டினால் மீனவருக்கு அந்நியம். அவர் பார்ப்பது பலகையில் கிடக்கும் மீனை. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலைக்கீழ்ப்புறம் ஒன்று, மூன்றும் ஒரே அட்டையில் இருக்கட்டும். எல்லா அட்டையும் ஒரே அளவு என்றால் மூன்று மீட்டர் மீனும் முக்கால் மீட்டர் மீனும் ஒன்றாகத் தெரியும். அதனால் ஓரத்தில் ஒரு ஆளின் நிழலுருவம் அளவுக்கு.

பேரை அட்டையில் அச்சிடாதீர்கள். அச்சிட்டால் அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். அட்டையைக் கலைத்து, ஒவ்வொருவருக்கும் வேறு வரிசையில் கொடுங்கள்.

நம் கடலில் இல்லாத ஒன்றிரண்டு இனத்தையும் நடுவில் வையுங்கள். கலிபோர்னியக் கரையின் சிறுத்தைச் சுறா அல்லது ஆஸ்திரேலியாவின் போர்ட் ஜாக்சன் சுறா போதும். அதற்கும் "பாத்திருக்கேன்" என்றவரின் மற்ற பதில்களைத் தள்ளிவிட வேண்டாம், நம்பிக்கை அளவைக் குறைத்து எழுதுங்கள். மரியாதைக்காகச் சொல்பவர்களும் உண்டு. அவர்களிடமே வலையைப் பற்றிக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள்.

அட்டை எடுப்பதற்கு முன்பு ஒரு வேலை. "வலையில வர்ற சுறா, திருக்கை பேரெல்லாம் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லும் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தானாக முதலில் வருவது அடிக்கடி காண்பது. அட்டை காட்டிய பிறகு இதைக் கேட்கவே முடியாது.

ஜூலை 10, இரவு

வேளாவுக்கு (ரம்பம் மாதிரி மூக்குக் கொம்புள்ள மீன்) வேறு வழி உண்டு. மீன் பல ஆண்டுகளாகக் காணாமல் போனாலும் பழைய வீடுகளில் கொம்பு கிடக்கும். கொம்பே சாட்சி. அடிப்பகுதியில் பல்லே இல்லாமல் முன்பக்கம் மட்டும் பல் இருந்தால் அனாக்சிபிரிஸ்டிஸ். அடியிலிருந்தே பல், ஒவ்வொரு பக்கமும் சுமார் 14 முதல் 24 வரை, கொம்பு அகலம் என்றால் பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ். இரண்டு பக்கமும் எண்ணுங்கள், உதிர்ந்த பல்லின் குழியையும் சேர்த்து. முதல் பல்லிலிருந்து நுனி வரை நீளம், நுனி உடைந்திருக்கிறதா என்பதும் வேண்டும்.

ஆனால் கவனம். வேளா 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருக்கும் இனம். கொம்பு வைத்திருப்பதே சட்டச் சிக்கல். வீடு, முகம், படகு எண், தெரு எதுவும் படத்தில் விழக்கூடாது. கொம்பை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, அளவுகோலோடு எடுத்தால் போதும். செல்பேசி படத்தோடு சேர்த்து இடக்குறிப்பைப் பதிவு செய்யும். எடுப்பதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

ஜூலை 12

சட்டத்தைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேட்டிகள் கெடுவது இங்கேதான். அட்டவணை ஒன்று இனத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. "போன வருஷம் எத்தனை உழுவை பிடிச்சீங்க?" என்று கேட்பது அவர் காதில் வாக்குமூலம் கேட்பது போல விழும். சுருக்கமாக "இல்லை" என்றுதான் வரும். அந்த "இல்லை"யை "உழுவை இல்லை" என்று எழுதிவிடுவோம். அவரைக் கேட்காமல் கரையைக் கேளுங்கள்: "இந்த ஊர்ல இறங்குறதுண்டா, எந்த மாசம், எந்த வலையில?" பழைய காலத்திலிருந்து தொடங்கி இன்றைக்கு வாருங்கள். பேர் எழுத வேண்டாம், எண் போடுங்கள். கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவம் பயத்தைக் கூட்டும், வாய்ச் சம்மதத்துக்கு நிறுவனத்தில் அனுமதி வாங்குங்கள்.

இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 2001 ஜூலையில் எல்லாச் சுறாவும் திருக்கையும் ஒரே அறிவிப்பில் அட்டவணை ஒன்றுக்குப் போயின. சுறாத் தொழிலை நம்பியிருந்த ஊர்கள் எதிர்த்தன. ஆழ்கடல் சுறாவுக்குப் பேர்போன, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் அதில் முக்கியமானவர்கள். அந்த டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனமாகச் சுருங்கியது. எந்த இனம் எங்கே, எந்த வலையில், எவ்வளவு என்று தெரிந்தவர்களை அழைத்துப் பேசியிருந்தால் முதல் பட்டியலே பொருத்தமாக இருந்திருக்கும்.

சுருங்கிய பட்டியலிலும் ஒரு இடறல். உழுவையில் அதில் வந்தது ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். அது செங்கடல் முதல் தென்னாப்பிரிக்கா வரை மேற்கு இந்தியப் பெருங்கடலில் வாழ்வது. நம் கரையில் இறங்குபவை ஆஸ்திரேலியே, லேவிஸ் என்ற வேறு இனங்கள். 2022 திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து அட்டவணைகளையே மாற்றியது. பேட்டிக்குப் போவதற்கு முன்பு புதிய பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டுப் போங்கள். "இது பிடிச்சா தப்பா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், தவறாகச் சொன்னால் அடுத்த தரம் யாரும் பேச மாட்டார்கள்.

ஜூலை 14

நாற்பது பேர் என்றீர்கள். நாற்பதும் நாற்பது வயதுக்காரர்களாக இருந்தால் பயனில்லை. டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995-ல் ஆய்வாளர்களைப் பற்றி எழுதியது மீனவருக்கும் பொருந்தும்: ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கண்டதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்களிடம் கேட்டு 2005-ல் வெளிவந்த ஆய்வில், வற்றிப்போனவை என்று மூத்தவர்கள் சொன்ன இனங்கள் இளையவர்கள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு. இடங்கள் நான்கு மடங்கு.

அதனால் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்காதீர்கள், கடலுக்குப் போன ஆண்டை வைத்துப் பிரியுங்கள். பதினான்கு வயதில் போனவரும் முப்பதில் போனவரும் ஒரே வயதில் இருக்கலாம். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒவ்வொரு வலைக்கும் சில பேராவது கிடைக்கிற மாதிரி ஆள் தேடுங்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டிவிடும் முறையில் போனால் ஒரே சொந்தத்துக்குள், ஒரே வலைக்குள் சுற்றி வந்துவிடுவீர்கள். அதைத் தவிர்க்க மூன்று வேறு முனையிலிருந்து தொடங்குங்கள்: ஒரு வலை கட்டுபவர், ஒரு ஏலக்காரர், ஒரு ஓய்ந்த மீனவர்.

எத்தனை பேர் போதும் என்றால், புதிதாக ஒருவரிடம் கேட்டும் புதுப் பேரோ புது இடமோ புது மாதமோ வராத நிலை வரை. வலை வகை ஒவ்வொன்றுக்கும் அதைத் தனியாகப் பாருங்கள். திருக்கை வலைக்கு அந்த நிலை சீக்கிரம் வரும், இழுவைமடிக்கு (விசைப்படகு இழுக்கும் வலை) நேரமாகும்.

ஜூலை 15

கடலுக்குப் போகும் ஆண்களிடம் மட்டும் கேட்டால் இனப்பெருக்கம் பற்றி ஒன்றும் கிடைக்காது. வயிற்றைக் கீறிப் பார்ப்பது கரையில் மீன் ஆயும் பெண்கள், கருவாட்டுக்கு வெட்டும் பெண்கள். எந்த மாதம் சினைச் சுறா வருகிறது, உள்ளே குட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று கைக்கணக்கில் சொல்வார்கள். "விரல் நீளமா, சாணா, முழமா?" என்று கேளுங்கள், மாதத்தோடு எழுதுங்கள். மாதம் போகப் போக விரல் சாணாகி முழமானால் அதுதான் சூல் காலத்தின் வளர்ச்சிக் கோடு. முழக் குட்டி வந்த மாதத்துக்கு அடுத்து, கரையோர வலையில் தனிக்குட்டி வருகிறதா என்று பார்த்தால் ஈனும் பருவம் கிட்டத்தட்ட பிடிபடும்.

புதிதாகப் பிறந்ததா என்று பார்க்க: குட்டியைப் புரட்டுங்கள். இரண்டு நெஞ்சுத் துடுப்புக்கும் நடுவில், தொண்டைக்குச் சற்றுப் பின்னால், தொப்புள் தழும்பு இருக்கும். பிளவு இன்னும் திறந்து, ஓரம் சிவந்து ஈரமாக இருந்தால் பிறந்து சில நாள்தான். மூடி வெள்ளைக்கோடாகத் தெரிந்தால் சில வாரம். தடவினால் மட்டும் தட்டுப்பட்டால் அந்த ஆண்டுக் குட்டி. கொம்பனிலும் பால்சுறாவிலும் இது நன்றாகத் தெரியும். உழுவைக் குட்டியில் மஞ்சள்கருப் பையின் மிச்சத்தைப் பாருங்கள்.

சின்னது எல்லாம் குட்டி இல்லை. ஸ்கோலியோடான் என்ற சின்னச் சுறா வகை இரண்டு சாண் நீளத்திலேயே பருவம் அடைந்துவிடும். ஆண் என்றால் இடுப்புத் துடுப்போடு ஒட்டிய இரண்டு புணர் உறுப்பையும் வளைத்துப் பாருங்கள். விறைப்பாக எலும்பு மாதிரி இருந்தால் வளர்ந்தது. துவண்டால் குட்டி.

ஜூலை 15, சற்று நேரம் கழித்து

பால்சுறாப் பேச்சு வந்ததால் ஒன்று. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறா வைத்துக் கொடுப்பது வழக்கம், அதற்காகவே சின்னச் சுறா தனி விலைக்குப் போகும். வாங்கும் வீட்டுக்குத் தெரிவது "சின்னச் சுறா நல்லது" என்பது மட்டும். அந்தக் கூடையில் வளர்ந்த ஸ்கோலியோடானும் இருக்கும், பிறந்த கொம்பன் குட்டியும் இருக்கும். விற்கும் அக்காவிடம் கேட்டால் எந்த வாரம் எது அதிகம் வரும் என்று சொல்வார். கொம்பன் குட்டியை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கும் பழக்கத்தைத் தொடங்க அவரை விடப் பொருத்தமானவர் கிடையாது. தலையே அடையாளம், படிப்பு வேண்டாம்.

கேட்டவர் | ஜூலை 17

குட்டி வரும் இடத்தை வரைபடத்தில் குறிக்கலாமா? நாற்றங்கால் (குட்டிகள் வளரும் இடம்) என்று எழுதலாமா?

ஜூலை 18

குட்டி இருந்தாலே நாற்றங்கால் ஆகாது. 2007-லிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும் மூன்று சோதனை: மற்ற இடத்தை விட இங்கே குட்டி அதிகமா, குட்டி இங்கேயே பல நாள் தங்குகிறதா, வருடா வருடம் இதே இடம்தானா. முதலாவதும் மூன்றாவதும் மீனவர் சொல்லால் நிரப்பலாம். நடுவில் உள்ளது, குட்டிக்கு அடையாளக் குறி போட்டுக் கடலில் விட்டால்தான் தெரியும். ஆக, எழுத வேண்டியது "நாற்றங்காலாக இருக்கலாம், சோதிக்க வேண்டிய இடம்". எங்கே போய்க் குறியிடுவது என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடுகிறது, ஆய்வுப் படகின் பல மாத டீசல் மிச்சம்.

வரைபடத்துக்கு ஜிபிஎஸ் எண் கேட்காதீர்கள். அது அவருடைய சோறு. கரையிலிருந்து எவ்வளவு நேர ஓட்டம், எந்தக் கோபுரம் எதோடு சேர்ந்து தெரியும், எத்தனை பாகம், அடியில் மணலா சேறா பாரா (பாறைத்தரை), எந்தக் காற்றில், எந்த நீவாட்டில் (நீரோட்டம்) என்று கேளுங்கள். நீங்கள் கடற்படம் விரித்து ஆழக்கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் என்பது சுமார் 1.8 மீட்டர். வெளியிடும்போது ஐந்து கிலோமீட்டர்க் கட்டமாகப் போடுங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் குட்டி இருக்கும் இடத்தை நீங்களே அடுத்த படகுக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

மாதத்தையும் ஆங்கில மாதமாகக் கேட்க வேண்டாம். கொண்டல் காற்று எப்போது, வாடை எப்போது, கச்சான் எப்போது என்று கேட்டால் கடல் தெளிவா கலங்கலா என்பதும் கூடவே வரும். கலங்கலில் வலை கண்ணுக்குத் தெரியாது, மீன் அதிகம் விழும். அதை மீன் பெருகியதாக எழுதிவிடக்கூடாது.

ஜூலை 21

இனி தொகுத்த பிறகு என்ன என்பது. இங்கேதான் பல திட்டங்கள் நிற்கின்றன. சேர்த்த அறிவு அறிக்கையாகப் போய்விடுகிறது, சொன்னவர் கையில் ஒன்றும் திரும்பி வருவதில்லை.

குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2001-ல் சட்டப் பாதுகாப்பு, 2004-ல் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் சேர்ந்து பிரசாரம். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று ராமகதை சொல்லும் மொராரி பாபு சொன்னது சௌராஷ்டிரத்தில் எடுபட்டது. ஆனால் காரியம் நடந்தது வலைக்கு இழப்பீடு கொடுத்ததால். முதலில் அதிகாரி வந்து பார்க்கும் வரை மீன் வலையில் கிடக்க வேண்டியிருந்தது. பிறகு நீர்புகாக் கேமராவை மீனவர் கையிலேயே கொடுத்தார்கள்: அறு, படமெடு, விடு, பிறகு கணக்குக் கொடு. மீனுக்கு நேரம் மிச்சம், மீனவருக்கும் நேரம் மிச்சம்.

இதை அப்படியே உழுவைக்கும் கொம்பனுக்கும் கொண்டுவரலாமா என்றால் யோசிக்க வேண்டும். இந்தோனேசியாவில் உயிரோடு விட்டால் பணம் என்று முறையாகச் சோதித்தார்கள், முடிவு 2025-ல் வெளிவந்தது. உழுவையில் பெரும்பகுதியை உயிரோடு விட்டார்கள். கொம்பனில் மிகச் சிலதைத்தான் விட முடிந்தது. ஆனால் சில படகுகள் பணத்துக்காக முன்பை விட அதிகம் பிடிக்கத் தொடங்கின. மொத்தத்தில் உழுவைச் சாவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை, கொம்பன் சாவு கூடியது. திமிங்கலச் சுறாவைத் தேடிப்போய்ப் பிடித்து வலையை அறுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது, நஷ்டம் பெரிது. உழுவையைப் பிடிப்பதில் அவ்வளவு நஷ்டம் இல்லை, அதனால் கணக்கு மாறுகிறது. பணம் கொடுப்பதாக இருந்தால் மீன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், ஊர் ஒத்துக்கொண்ட பருவத்தில் அந்த இடத்தில் வலை விடாததற்குக் கொடுப்பது மேல்.

ஜூலை 22

கொம்பன் ஏன் பிழைப்பதில்லை: நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளில் தண்ணீர் ஓடும். வலையில் நின்றாலே மூச்சு நின்ற மாதிரி. தூண்டிலில் மாட்டினாலும் சீக்கிரம் சாகும். உழுவை தரையில் படுத்தபடியே கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக நீரை இழுத்துக்கொள்ளும், பலகையில் கொஞ்ச நேரம் தாங்கும். ஆகவே உழுவைக்கு "விடு" என்ற விதி, கொம்பனுக்கு "அந்த இடத்துக்கு அந்த மாதம் போகாதே" அல்லது "வலை கிடக்கும் நேரத்தைக் குறை" என்ற விதி. ஒரே சுவரொட்டியில் இரண்டுக்கும் ஒரே அறிவுரை போட்டால் கொம்பனுக்குப் பயனில்லை.

உழுவையை விடும் முறை: வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கண் துளையிலும் செவுள் பிளவிலும் விரல் விடாதீர்கள், கொக்கி போடாதீர்கள். ஒருவர் மூக்குப் பக்கம், ஒருவர் இடுப்புத் துடுப்புக்குப் பின்னால், அடிவயிற்றுக்குக் கை கொடுத்துத் தூக்குவது. கண்ணி இறுகியிருந்தால் இழுக்காமல் அறுப்பது, இரண்டு மூன்று கண்ணி போதும். தாமதமானால் ஈரச் சாக்கு போட்டு மூடுவது, வெயிலில் விடக்கூடாது. எறியாமல் தலை முதலில் தண்ணீரில் இறக்குவது. வயிறு உப்பிய பெண் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது, பலகையிலேயே குட்டியைத் தள்ளிவிடும்.

ஜூலை 22, இரவு

விசைப்படகுக்காரர்கள் "ஆமை தப்பிக்கும் கருவி போட்டா உழுவையும் போயிடுமா?" என்று கேட்பார்கள். அது வலைக்குள் பொருத்தும் கம்பித் தட்டி, பெரியது வெளியே போகும். ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் தொழிலில் அளந்தபோது மொத்தச் சுறா 17.7 விழுக்காடு, திருக்கை வகை 36.3 விழுக்காடு குறைந்தது. ஒரு மீட்டருக்கு மேல் உள்ளவற்றில் குறைவு மிக அதிகம். சின்னது கம்பி இடைவெளியில் நுழைந்து மடிக்குள் போய்விடும். அதனால் குட்டிக்கு அந்தக் கருவி காவல் இல்லை, இடமும் பருவமும்தான் காவல். தமிழ்நாட்டில் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இழுவைமடிக்குத் தடை ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் குறிக்கும் குட்டிக் கட்டங்கள் அதற்குள் விழுகின்றனவா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் புது விதி கேட்க வேண்டியதில்லை, இருக்கும் விதியை நடத்தச் சொன்னால் போதும், நாட்டுப்படகு மீனவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

கேட்டவர் | ஜூலை 26

படிவத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். முதல் பக்கம் தொழில் வரலாறு, இரண்டாவது பேர்ப் பட்டியல், பிறகு அட்டை, பிறகு கயிறு, கடைசியில் கடற்படம். எப்போது போவது நல்லது?

ஜூலை 27

இறங்கும் நேரத்தில் போகாதீர்கள். ஏலம் நடக்கும்போது யாருக்கும் உங்களிடம் பேச நேரமில்லை, பேசினாலும் வியாபாரி காதில் விழும்படி விலையும் இடமும் சொல்ல மாட்டார்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். எவருக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாளில், வலை பொத்தும் கொட்டகையில். கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அது அடுத்த ஆண்டுக்குத்தான். அப்போது வரைபடத்தைத் திருப்பிக் கொண்டுபோய் ஊர்க் கூட்டத்தில் விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். "இது இங்க இல்ல, ரெண்டு பாகம் வெளிய" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை வேறு நிற மையில் போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். முதலில் தனியாகச் சொன்னதும் கூட்டத்தில் சொன்னதும் எங்கே வேறுபடுகிறது என்பதும் தகவல்தான்.

ஜூலை 27, பின்குறிப்பு

படிவத்தில் "இல்லை" என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள், "கேட்கவில்லை" என்பதற்கு ஒன்று, "சொல்ல விரும்பவில்லை" என்பதற்கு ஒன்று. காலியாக விட்டால் ஆறு மாதம் கழித்து மூன்றும் ஒன்றாகத் தெரியும், கணினியில் ஏற்றுபவர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடுவார்.